வங்கியில் பதிந்த எண்ணுக்கு எந்த நிறுவனத்தின் சிம்?

கும்மிடிப்பூண்டியைக் கடந்த மின்தொடர் வண்டி எளாவூர், ஆரம்பாக்கம் நிலையங்களைத் தாண்டித் தடாவை அடைவதற்குள், பெட்டியிலுள்ள கைபேசிகள் சில அடுத்தடுத்து ஒலி எழுப்புவதுண்டு. ஆந்திரப் பிரதேசத்திற்கு வரவேற்கும் குறுஞ்செய்தி அது. அதன்பின் அக்கம்பேட்டை, அடுத்தது சூளூர்பேட்டை. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர், 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்திற்குச் செல்வோர் இறங்கும் ஊரும் இதுவே. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இங்குப் பல. மகன் சென்னையில் வேலை, மகள் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் வேலை, பெற்றோர் சூளூர்பேட்டையில் என்பது இப்பகுதியில் இயல்பான நிலை.

இத்தகைய எல்லையூர்களில் வங்கி அலுவலரிடம் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வட்டி விகிதத்தைப் பற்றியதோ கடனைப் பற்றியதோ அன்று. “எந்த சிம் நல்லது, சார்?” என்பதே அது. சிம் அட்டை விற்பது நம் தொழிலன்று. எனினும் அக்கேள்வி நம்மிடம் வருவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓடிபி வரவில்லை. பணம் எடுத்ததற்கான தகவல் வரவில்லை. யுபிஐ செயலி ‘சிம் சரிபார்க்க இயலவில்லை’ என்கிறது. இவற்றைச் சொல்லிக் கிளைக்கு வருவோரில் பலருக்குக் கணக்கில் குறையொன்றும் இருப்பதில்லை. கைபேசிச் சேவையிலோ சிம் அட்டையிலோதான் சிக்கல் இருக்கும்.

எந்த நிறுவனம் சிறந்தது என்று நாம் இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஒரு தெருவில் சிறந்தது அடுத்த தெருவில் சிறந்ததாக இராது. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் நமக்கு உறுதியான கருத்து உண்டு. நாளொன்றுக்கு எத்தனை ஜிபி கிடைக்கும் என்பது பின்னர். வங்கியில் பதிந்த எண்ணுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி, நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்தில், தவறாமல் வந்து சேருமா என்பதே முதற்கேள்வி.

வட்டங்களின் கதை

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்திய காலம் அது. நாட்டை ‘வட்டங்கள்’ எனப் பிரித்து உரிமங்கள் வழங்கப்பட்டன. இன்று 22 வட்டங்கள் உள்ளன. தமிழ்நாடும் சென்னையும் ஒரே வட்டம். ஆந்திரப் பிரதேசம் மற்றொன்று. 2014இல் தெலங்கானா தனி மாநிலமான பின்னரும் கைபேசி வட்டம் பிரிக்கப்படவில்லை.

இப்பிரிவினையால் எல்லையூர் மக்கள் நீண்ட காலம் செலவு செய்தனர். தமிழ்நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு சூளூர்பேட்டையில் இருந்தால், அழைப்பை எடுத்துப் பேசுவதற்கும் ரோமிங் கட்டணம். ஆந்திர எண்ணை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குச் சென்றாலும் அதே நிலை. எல்லையின் அருகே வீட்டிலேயே அமர்ந்திருந்தபோதும், அண்டை மாநிலக் கோபுரத்தின் அலை வலுவாக இருந்தால் கைபேசி அதனைப் பற்றிக்கொள்ளும்; வீட்டிலிருந்தபடியே ரோமிங். இரு சிம் பொருத்தும் கைபேசி இங்கே வசதிக்கான பொருளாக வரவில்லை, சிக்கனத்திற்கான வழியாக வந்தது எனலாம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2015 மே 1 முதல் ரோமிங்கில் உள்வரும் அழைப்புக்கான உச்ச வரம்பை நிமிடத்திற்கு 75 பைசாவிலிருந்து 45 பைசாவாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலை 3 அன்று, ஒரு வட்டத்தின் எண்ணை மாற்றாமலே வேறு வட்டத்திற்கு எடுத்துச் செல்லும் வசதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 2011 ஜனவரி 20இல் தொடங்கிய எண் மாற்ற வசதி ஒரே வட்டத்திற்குள் மட்டுமே செல்லுபடியாகும். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ ரோமிங் கட்டணம் இல்லாமல் சேவையைத் தொடங்க, ஏனைய நிறுவனங்களும் விரைவில் அவ்வழி வந்தன. ஆகவே, ‘ஆந்திர சிம் வாங்குவதா, தமிழ்நாட்டு சிம் வாங்குவதா’ என்று இன்னும் கணக்குப் பார்ப்போருக்கு ஒரு செய்தி: கட்டணத்தைப் பொறுத்தவரை அக்கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவை மையத்தின் குரல் எந்த மொழியில் பேசும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது நலம். தெலுங்கு எழுத்துப் படிக்காத முதியவர் வீட்டில் இருந்தால் இது சிறிய செய்தி அன்று.

ஓர் இணைப்பு அணைந்த வாரம்

நிறுவனத்தின் நிலைப்புத்தன்மையையும் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2018 பிப்ரவரியைத் தமிழ்நாட்டில் எவரும் மறந்திருக்க இயலாது. 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கி, இம்மாநிலத்தின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த ஏர்செல்லின் இணைப்புகள் அம்மாதம் மூன்றாம் வாரத்தில் பரவலாகச் செயலிழந்தன. கோபுர நிறுவனத்துடனான நிலுவைத் தகராறு அதற்கு உடனடிக் காரணம். பிப்ரவரி 28 அன்று அந்நிறுவனம் திவால் தீர்வு கோரி மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடியது. வாடிக்கையாளர்கள் வேறு நிறுவனத்திற்கு மாறுவதற்கு ஏப்ரல் 15 வரை காலம் அளிக்கப்பட்டது.

மாறுவதற்கும் அந்த எண்ணிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி செல்ல வேண்டும்; சிக்னலே இல்லாத எண்ணிலிருந்து குறுஞ்செய்தி எப்படிச் செல்லும்? சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மக்கள் அலைந்தனர். பேச முடியாமற்போனது ஒரு துன்பம். அந்த எண்ணையே வங்கிக் கணக்கிலும், ஆதாரிலும், எரிவாயு இணைப்பிலும் பதிந்திருந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு வகைத் துன்பம். கணக்கில் பணம் இருந்தும் இணைய வழியில் அதைத் தொட வழியில்லை.

அவ்வாண்டுகளில் சந்தையே சுருங்கியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியில் குரல் சேவையை நிறுத்தியது. டெலினாரும் டாடா டோகோமோவும் ஏர்டெல்லுடன் இணைந்தன. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. இன்று பெரும்பாலான ஊர்களில் தெரிவுக்கு இருப்பவை ஜியோ, ஏர்டெல், வி, அரசுத் துறையைச் சேர்ந்த பிஎஸ்என்எல் ஆகிய நான்கே. நிறுவனத்தின் நிதி அறிக்கையை ஆராய்ந்து சிம் வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வங்கி எண்ணின் நிறுவனத்தில் தடங்கல் அடிக்கடி நிகழத் தொடங்கினால், சிக்னல் இருக்கும்போதே மாறிவிடுங்கள். முற்றிலும் அணைந்தபின் மாறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தப் பிப்ரவரியே சான்று.

வீட்டின் உள்ளறையில் சிக்னல்

ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எங்கெங்கு கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என ட்ராய் விதித்திருக்கிறது. 2ஜி, 4ஜி, 5ஜி எனத் தனித்தனி வண்ணத்தில் உங்கள் ஊரைப் பார்க்கலாம். அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வரைபடம் தெருவைக் காட்டும். உங்கள் வீட்டின் உள்ளறையைக் காட்டாது.

அலைவரிசைகளின் இயல்பைச் சிறிது அறிந்தால் இது விளங்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் மிகுந்த தரவைச் சுமந்தாலும் விரைவில் தேய்ந்துவிடும். வாசலில் மின்னல் வேகத்தில் படம் ஓடும் 5ஜி, காங்கிரீட் கூரையும் இரும்புக் கதவும் கொண்ட உள்ளறையில் ஒற்றைக் கோடாகக் குறைவது இதனால்தான். தகரக் கூரையின் கீழ் நிலைமை இன்னும் மோசம்.

சூளூர்பேட்டைப் பகுதியில் மற்றொரு தனித்தன்மையும் உண்டு. ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவிற்குச் செல்லும் சாலை பழவேற்காடு ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. ஏரிக்குள் தடா மண்டலத்தைச் சேர்ந்த இரக்கம் போன்ற தீவுகள் உள்ளன. படகில்தான் செல்ல வேண்டும். பரந்த நீர்ப்பரப்பில் அலையைத் தடுக்க எதுவுமில்லை என்பதால் தொலைவிலுள்ள கோபுரத்தின் சிக்னலும் எட்டக்கூடும். ஆனால் கைபேசி அனுப்பும் வலிமை குன்றிய அலை அக்கோபுரத்தை எட்டாமற்போகலாம். திரையில் கோடுகள் தெரிந்தும் குறுஞ்செய்தி போகாத விந்தை இப்படித்தான் நேர்கிறது. அடுத்து, கூட்டம். ராக்கெட் ஏவும் நாளிலும், பறவைத் திருவிழாவான ஃபிளமிங்கோ திருவிழாவின் நாட்களிலும் பல்லாயிரவர் இவ்வூரில் கூடும்போது, சில கோபுரங்களையே அனைவரும் பகிர்ந்துகொள்ள நேரிடும். அன்றைய தினம் பெருந்தொகை அனுப்பும் வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது அறிவு.

எனவே வரைபடத்தைவிட நம்பகமான சோதனை ஒன்றைச் சொல்கிறோம். வெவ்வேறு நிறுவன எண் வைத்திருக்கும் உறவினர் நால்வர் வீட்டுக்கு வரும் நாளில், அவர்கள் கைபேசியை வாங்கி, நீங்கள் வழக்கமாக அமரும் அறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். கடை வைத்திருப்பவர் கடையின் கல்லாப்பெட்டி அருகே இதைச் செய்ய வேண்டும். நாள்தோறும் ரயிலில் செல்பவர் ரயிலில் செய்யலாம். எனினும் ஓடும் ரயிலில் வங்கி வேலை எதற்கு என்பது எங்கள் எண்ணம்.

கைபேசியின் வகையும் முக்கியம். பொத்தான் அழுத்தும் பழைய 2ஜி கைபேசியைப் பெற்றோர் பயன்படுத்தினால், 4ஜி, 5ஜி மட்டுமே வழங்கும் ஜியோவின் சிம் அதில் இயங்காது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகியவற்றில் 2ஜி சேவை உண்டு. பிஎஸ்என்எல் நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. முன்னர் அதைச் சோதித்துக் கைவிட்டவர்கள் தங்கள் பகுதியில் மீண்டும் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

உறங்கும் எண்ணும் மறுபிறவியும்

2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. இரண்டாம் சிம்முக்கும் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்வது பாரமாயிற்று. பலர் அதை அப்படியே விட்டுவிட்டனர். அந்த இரண்டாம் சிம்மே வங்கியில் பதிந்த பழைய எண்ணாக இருப்பது பல குடும்பங்களில் உள்ள நிலை. நம் மனத்தில் பெருங்கவலை தருவது இதுதான்.

ரீசார்ஜ் காலம் முடிந்தால் முதலில் வெளி அழைப்பு நிற்கும். சில நாட்களில் உள்வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் நிற்கக்கூடும். தொடர்ந்து 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் நீட்டிக்கும் முறை உண்டு. துண்டித்த எண் என்றும் சும்மா இராது. இடைவெளிக் காலம் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படும். அன்று முதல் உங்கள் கணக்கின் தகவல் ஓர் அந்நியரின் கைபேசிக்குச் செல்லும். அவருக்கும் அது தொல்லையே.

இத்தகைய ரத்தான எண்களின் பட்டியலைப் பார்த்துத் தங்கள் பதிவேடுகளைத் திருத்துமாறு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதனால் கிளையிலிருந்து எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி உங்களுக்குத் தகவல் வரலாம். அவ்வாறு வந்தால் சலிப்புறாமல் கிளைக்கே நேரில் வந்து செய்யுங்கள். தொலைபேசியில் விவரம் கேட்பவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. இணையத் தரவு வேண்டாதவர்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய திட்டங்களைத் தனியே வழங்க வேண்டும் என ட்ராய் 2024 டிசம்பரில் விதித்தது. அவ்வகைத் திட்டத்தின் காலத்தை 365 நாட்கள் வரை நீட்டிக்கவும் இடமளித்தது. 2025 ஜனவரி முதல் அவை கிடைக்கின்றன. கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். கேட்டு வாங்க வேண்டும். வங்கி எண்ணுக்கு ஒன்று, காணொலி பார்ப்பதற்கு வேறொன்று என இரு சிம் வைத்திருப்போர், முன்னதை இவ்வகை நீண்டகாலத் திட்டத்தில் வைத்துவிட்டு, சலுகைகளுக்காக மாற்றிக்கொண்டிருப்பதைப் பின்னதோடு நிறுத்திக்கொள்ளலாம். நாங்கள் நண்பர்களுக்குச் சொல்லும் ஆலோசனை இதுவே.

எண் மாறாமல் நிறுவனம் மாறுதல்

முறை எளிது. ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சிட்டு, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதி 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்புக. தகுதி இருப்பின் எட்டு எழுத்து-எண்கள் கொண்ட குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாட்களுக்குச் செல்லும். அதனுடன் அடையாளச் சான்றை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் விற்பனை நிலையத்தை அணுக வேண்டும். ஒரே வட்டத்திற்குள் எனில் மூன்று வேலை நாட்கள்; தமிழ்நாட்டு எண்ணை ஆந்திர வட்டத்திற்கு மாற்றுவது போன்ற வெளிவட்ட மாற்றத்திற்கு ஐந்து வேலை நாட்கள். இப்போதுள்ள நிறுவனத்தில் சேர்ந்து 90 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். பின்கட்டண இணைப்பில் நிலுவை இருக்கலாகாது. முன்கட்டண இருப்பு புதிய நிறுவனத்திற்கு வராது.

வங்கியைப் பொறுத்தவரை எண் மாறாததால் பதிவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சிம் அட்டை புதிது. யுபிஐ செயலி அந்த சிம்மிலிருந்து தானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் உங்களை அடையாளம் காண்கிறது. ஆதலால் மீண்டும் பதிவு செய்யச் சொல்லும். அதற்குப் புதிய சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்க வேண்டும். மறுபதிவுக்குப் பின் ஒரு நாள் வரை அனுப்பும் தொகைக்கு வரம்பு இருப்பதும் உண்டு. எண் மாறும் அந்த நாளில் சில மணி நேரம் இரு சிம்மும் இயங்காது. இவற்றை எண்ணிப் பார்த்தால், கடன் தவணை நாளிலோ, கல்லூரிக் கட்டணத்தின் இறுதி நாளிலோ, திருமணச் செலவுகளுக்கு நடுவிலோ எண் மாற்ற விண்ணப்பிப்பது எவ்வளவு பொருந்தாது என்பது புலப்படும்.

அதே எண்ணுக்கு மாற்று சிம் பெறுவதில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. புதிய சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். 2024 ஜூலை 1 முதல், மாற்று சிம் பெற்று ஏழு நாட்கள் கழியாமல் நிறுவன மாற்றக் குறியீடும் கிடைக்காது. இத்தாமதங்கள் உங்களை வருத்துவதற்கு வந்தவை அல்ல. உங்கள் பெயரில் வேறொருவன் சிம் வாங்கி, ஓடிபியைத் தன் கைக்கு வரவழைத்துக் கணக்கைத் துடைப்பதைத் தடுக்கவே இந்த இடைவெளி.

ஆகையால், நீங்கள் கேளாமலே அந்த எட்டு எழுத்துக் குறியீடு வந்தாலோ, நல்ல சிக்னல் உள்ள இடத்தில் காரணமின்றிப் பல மணி நேரம் ‘சேவை இல்லை’ என்று காட்டினாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராதீர்கள். வேறொரு கைபேசியிலிருந்து முதலில் உங்கள் நிறுவனத்தையும் அடுத்து வங்கியையும் அழையுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணிலும் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியிடமோ உங்களிடமோ குறையின்றி மூன்றாம் நபரால் நிகழ்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் எனில் இழப்புக்கு வரம்பு உண்டு. அத்தகவல் வர வேண்டிய இடம் நீங்கள் பதிந்திருக்கும் எண்ணே.

உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இயங்குகின்றன என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். அறியாத எண் இருந்தால் அங்கேயே முறையிடலாம். பார்த்து முடித்ததும் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் எண் எது என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்ற வேண்டுமெனில் கணக்குப் புத்தகமும் ஆதார் அட்டையும் புதிய எண் இயங்கும் கைபேசியுமாக எந்த வேலை நாளிலும் உங்கள் கிளைக்கு வரலாம்.